சரல் ரோட்டில் முன் சக்கரம் ஏன் வழுக்கியது?

உங்கள் கேள்வியை ஒரு தடவை சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து தினமும் குலசேகரத்துக்கு மேலே வேலைக்குப் போகிறீர்கள். வாங்கி ஒரு வருடம் ஆன 125 சிசி பைக். கடைசி 5 கிலோமீட்டர் ரப்பர் தோட்டத்து வழியாகச் சரல் ரோடு. போன வாரம் ஒரு இறக்கத்து வளைவில் முன் சக்கரம் வழுக்கி விழுந்தீர்கள். எந்த டயர் போட்டால் வழுக்காது என்று கேட்கிறீர்கள். டயருக்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப்பட்டது நடுவில் வரும் ஒரு வரி: "நான் பின் பிரேக்கை மட்டும்தான் பிடித்தேன், அப்புறம் முன் சக்கரம் ஏன் போச்சு என்று புரியவில்லை." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை தெரியாமல் எந்த டயரை மாட்டினாலும் அந்த வளைவு வரும்போது கை நடுங்கத்தான் செய்யும்.

நான் 22 வருடமாக அருமனை, கடையாலுமூடு, ஆறுகாணி, பேச்சிப்பாறை பக்கம் வீடு வீடாகப் போய் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) எடுத்துக் கடையில் கொடுக்கிறவன். பின்னால் 60 கிலோ ஷீட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்து மண் ரோட்டில் இறங்குவது என் அன்றாட வேலை. பந்தயத்துக்குப் போனவனோ பயிற்சி கொடுப்பவனோ அல்ல. ஆகவே நான் சொல்வதெல்லாம் 100 முதல் 150 சிசி வரையான சாதாரண வண்டிக்கும் நம் மாவட்டத்து மண்ணுக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம். நம் தோட்டத்து ரோடுகளில் அடித்தளம் ஜீப்பும் பிக்கப்பும் ஏறி ஏறி இறுகிப்போன செம்மண். காய்ந்தால் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும். அதன் மேல் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனபின் மிஞ்சிக் கிடப்பதுதான் சரல். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை, துரு நிறத்தில், முனை மழுங்கி உருண்டையாக இருக்கும். உள்ளங்கையைச் சாய்த்தால் ஒன்றும் நிற்காது, எல்லாம் உருண்டு ஓடிவிடும். உடைத்த கருங்கல் ஜல்லிக்கு, அதாவது மெட்டலுக்கு, கூர் இருப்பதால் ஒன்றையொன்று கவ்வும். சரல் கவ்வாது. கெட்டித் தரையில் கோலிக்குண்டைக் கொட்டி அதன்மேல் சக்கரத்தை உருட்டுவது போலத்தான். அதனால் சரல் கனமாகக் குவிந்து கிடக்கும் இடத்தைவிட, கெட்டித் தரையில் அங்கங்கே மெல்லிசாகச் சிதறிக் கிடக்கும் இடம்தான் ஆளை விழவைக்கும். பார்த்தால் நல்ல ரோடு போலவே தெரியும், நாமும் வேகத்தைக் குறைக்க மாட்டோம்.

இனி பிடிப்பு. நம் ஊரில் அரிசி அளக்கும் நாழிக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். காய்ந்த தார் ரோடு டயருக்கு ஒரு நாழி பிடிப்பு தருகிறது என்றால், சரல் அரை நாழிதான் தரும். பிரேக் பிடிப்பதும் வண்டியைத் திருப்புவதும் இரண்டும் அந்த ஒரே நாழியிலிருந்துதான் அள்ளுகின்றன. தார் ரோட்டில் வளைவில் பிரேக்கைத் தொட்டாலும் மீதி இருக்கும், வண்டி தாங்கிக்கொள்ளும். அரை நாழியில் திருப்பத்துக்குப் பாதி போய், பிரேக்குக்கு மீதியும் போய்விட்டால் மிச்சம் கிடையாது. பின் சக்கரத்துக்கு மிச்சமில்லை என்றால் வண்டி வாலாட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரத்துக்கு மிச்சமில்லை என்றால் அடுத்த நொடி தரையில் இருப்போம். இறக்கம் என்றால் வண்டியின் பாரமும் முன்னால் சாய்ந்திருக்கும், வேகமும் தானாக ஏறிக்கொண்டே வரும்.

இப்போது உங்கள் புதிருக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயமானது. 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்) இருக்க வேண்டும் என்று அப்போது விதி வந்தது. உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாக சிபிஎஸ். அதன் வேலை என்னவென்றால், நீங்கள் காலால் பின் பிரேக்கை மிதித்தால் ஒரு பங்கு முன் சக்கரத்துக்கும் போகும். தார் ரோட்டில் அது நல்ல ஏற்பாடு. பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறவர்களைச் சீக்கிரம் நிறுத்தும். ஆனால் சரல் இறக்கத்தில், வளைந்துகொண்டே, பயத்தில் காலை ஓங்கி மிதித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கப்படும். நீங்கள் முன் பிரேக்கைத் தொடவேயில்லை என்பது உண்மையாக இருக்கும். வண்டி உங்களுக்காகத் தொட்டிருக்கலாம்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். ஒருவர் பின் சீட்டை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும், இன்னொருவர் அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றட்டும். நீங்கள் கால் பிரேக்கை முதலில் லேசாக, அப்புறம் பலமாக அழுத்திப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் முன் சக்கரம் நிற்கிறது என்று கால் கற்றுக்கொள்ளும். முன் சக்கரத்துக்குப் போகும் பங்கு வண்டிக்கு வண்டி மாறும், ஒர்க்‌ஷாப்பில் பிரேக்கை முறுக்கிவைப்பதைப் பொறுத்தும் மாறும். நீங்கள் விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வளைவுக்குள் வந்த வேகமே அதிகமாக இருந்து, பிரேக்கே பிடிக்காவிட்டாலும் வழுக்கியிருக்கலாம். எது காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரேக் வேலை முழுவதையும் வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, அப்புறம் திருப்புவது.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், செங்குத்தென்றால் முதல் கியர். கிளட்சை விட்டுவிட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். எஞ்சின் பிடிப்பு பின் சக்கரத்தில் மட்டும் வரும், சீராக வரும், திடுமென்று சக்கரத்தை நிறுத்தாது. நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் நிறையப் பேருக்கு உண்டு. சரல் இறக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது பாதி சரி. நேரான இடத்தில், இரண்டு விரலால், பஞ்சை அமுக்குவது போல மெதுவாக அழுத்தினால் சரலிலும் முன் பிரேக் உதவும். செங்குத்து இறக்கத்தில் அது இல்லாமல் முடியவும் முடியாது. வளைவுக்குள் போனபின் விரலை எடுத்துவிடுங்கள்.

வேகத்தைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். குறுக்கே ஒரு நாய் வருகிறது என்று கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, அதற்குள் 11 மீட்டர் போய்விடும். அதன்பின் காய்ந்த தார் ரோட்டில் நன்றாகப் பிடித்தால் 9 மீட்டர் அளவில் வண்டி நிற்கும். சரலில் பிடிப்பு பாதி என்று வைத்தால் 18 மீட்டர். மொத்தம் 29. அதே சரலில் 20 வேகத்தில் வந்தால் முதல் வினாடிக்கு ஐந்தரை, பிரேக்குக்கு நாலரை, மொத்தம் 10 மீட்டர். பாதி என்பது உத்தேசம்தான், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசி ஆகும் என்பது மாறாது. உங்கள் 5 கிலோமீட்டரை 40க்குப் பதில் 20இல் போனால் ஏழரை நிமிடம் கூடுதலாகும். காலையில் அந்த ஏழரை நிமிடத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்து கை. விழுந்து எழுந்தவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பத்துகாணி ஏற்றத்தில் என் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "மக்கா, கைய இறுக்காத. வண்டி அதுக்க பாட்டுக்குப் போவும், நீ கூட இருந்தா போதும்." சரலில் முன் சக்கரம் இடமும் வலமுமாக லேசாக அலைந்துகொண்டேதான் போகும். உருளும் சக்கரத்துக்குத் தானே நேராகும் குணம் உண்டு. நாம் இறுக்கிப் பிடித்தால் அந்த அலைச்சல் கை வழியாக உடம்புக்கு வந்து, உடம்பிலிருந்து திரும்ப வண்டிக்குப் போய் இரட்டிப்பாகும். முழங்கையை லேசாக மடக்கிவைத்து, முட்டியால் டாங்கைக் கவ்விக்கொண்டு, கையைத் தளர்த்திவிடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். வண்டி அலைகிறதே என்று சட்டென்று விட்டால் பாரம் முன்னால் சாய்ந்து அலைச்சல் கூடும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் வேண்டாம், பதினைந்து இருபது மீட்டர் தள்ளிப் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுவோம். குண்டும் குழியும் வரும்போது சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, உடம்புப் பாரத்தை ஃபுட்ரெஸ்டில் கொடுங்கள். முழுதாக எழுந்து நின்று ஓட்டுவது பெரிய வண்டிகளுக்கு நன்றாக இருக்கும். நம் வண்டிகளில் ஹேண்டில் தாழ்ந்திருக்கும், நின்றால் குனிந்து பாரமெல்லாம் முன்னால்தான் போகும்.

ரோட்டில் எங்கே ஓட்டுவது? ஜீப் சக்கரம் ஓடிய இரண்டு தடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே சரல் ஒதுங்கித் தரை தெரியும். ஒதுங்கிய சரல் முழுவதும் நடு முதுகிலும் வளைவின் வெளிப்புறத்திலும் குவிந்திருக்கும். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தபின், பிரேக்கை விட்டபின் மாறுங்கள். எதிரே டிப்பர் வந்தால் ஓரமாக நின்றே விடுவது நல்லது. அதன் சக்கரத்தில் தெறிக்கும் கல்லும், பின்னால் எழும்பும் புழுதியும் அடங்கும்வரை அசையாதீர்கள். புழுதிக்குள் முந்திப் போகிறவருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. ஆகவே உங்கள் ரோடு வருடத்தில் நாலைந்து முறை குணம் மாறும். சாரலில் லேசாக நனைந்த சரல் ரோடு உண்மையில் காய்ந்ததைவிட நல்லது, மண் சற்று இளகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஊறிவிட்டால் கதை வேறு. செம்மண் டயரில் அப்பி, பட்டன் எனும் டயர் மேடுகளின் இடுக்கெல்லாம் நிறைந்து, டயர் மொட்டையாகிவிடும். அந்த நிலையில் தார் ரோட்டுக்கு ஏறியதும் முதல் நூறு மீட்டர் ரொம்பவும் கவனம் தேவை, சேறு உதிரும்வரை அங்கேயும் வழுக்கும். தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து ரோட்டை முழுக்க மூடிவிடும். இலைக்கு அடியில் குழி இருக்கிறதா, கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா என்று தெரியாது. காலைப் பனியில் நனைந்திருந்தால் இலைமேல் இலை வழுக்கும். தினமும் போகிற ரோடு என்பதால் இலை விழும் முன்பே குழிகளை மனதில் குறித்துவையுங்கள். சானல் (கால்வாய்) கரை ரோடுகளில் தண்ணீர்ப் பக்கத்து ஓரத்தை நம்பாதீர்கள், மேலே புல் இருக்கும், அடியில் மண் அரித்துப்போயிருக்கும். வெள்ளம் வந்தால் மேலேயே தண்ணீர் ஓடும் தாழ்ந்த சப்பாத்துப் பாலங்களில் பாசி இருக்கும். தண்ணீர் மேலே ஓடி, ஓரக் கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இறங்கவே வேண்டாம், சுற்றிப் போங்கள். குழித்துறைச் சப்பாத்து வெள்ளத்தில் மூழ்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முட்டம், குளச்சல் பக்கம் ரோட்டின் குறுக்கே காற்று தூவிவைக்கும் கடல் மணலும் இந்தச் சரலின் தம்பிதான்.

நான் மோசமாக விழுந்தது சரலில் அல்ல, புதிதாக விரித்த மெட்டலில். ரோட்டை அகலப்படுத்த ஒரு ஒப்பந்தக்காரர் பகலில் மெட்டலை விரித்துவிட்டு, பலகையோ விளக்கோ வைக்காமல் போய்விட்டார். இரவு ஏழரை மணி, பின்னால் ஷீட் பாரம், 45 வேகம். தார் முடிந்து மெட்டல் ஆரம்பிக்கும் விளிம்பில் கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது, இரண்டு உள்ளங்கையும் உரிந்து ஒரு மாதம் பிரேக் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து இருட்டில் தெரியாத ரோட்டில் என் வேகம் முகப்பு வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிற்கும் வேகம்தான். தார் முடியும் விளிம்பு தெரிந்தால் அதற்கு முன்பே பிரேக்கை முடித்து, நேராக, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தபடி உள்ளே போவேன். விழும்போது எல்லோருக்கும் முதலில் தரையில் படுவது உள்ளங்கை. ஆகவே முழுத் தலைக்கவசம், ஷூ, கூடவே ஒரு ஜோடி கையுறை. உங்கள் காயத்தில் மண் ஏறியிருந்தால் ஓடும் தண்ணீரில் கழுவி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிக் காட்டிவிடுங்கள். சிராய்ப்புதானே என்று விடாதீர்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவதைப் பற்றி: ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறவரை சரல் இறக்கத்தில் ஏற்றாதீர்கள். பாரம் ஒரு பக்கம் இழுக்கும், வண்டி சாய்ந்தால் அவருக்குக் கால் ஊன்றவும் முடியாது. மோசமான இருநூறு மீட்டரை இறங்கி நடந்து வரச் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஸ்கூட்டரில் அந்த ரோட்டுக்குப் போவோர் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டர் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், பைக் சக்கரம் 17, 18. சின்னச் சக்கரம் குழியில் முழுதாக இறங்கும். வேகம் ரொம்பக் குறைந்ததும் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு இல்லாமல் போகும். அப்புறம் வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டும்தான், நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். நடுவில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

மறுபடி ஓட்டத் தொடங்கும் முன் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மைதானத்துக்குப் போங்கள். பொடிக்கல் கிடக்கும் சமதளம் போதும். 15 வேகத்தில் நேராகப் போய், பின் சக்கரம் இழுபடும்வரை கால் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்துங்கள். இழுபட்டதும் பதறாமல், பார்வையை நேரே வைத்து, காலை மெதுவாக விடுங்கள். இதை இருபது முறை. அப்புறம் நடை வேகத்தில் முன் பிரேக்கை இரண்டு விரலால். வழுக்கல் எப்போது ஆரம்பிக்கிறது என்று உடம்புக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால், ரோட்டில் அது வரும்போது அந்நியமாக இருக்காது. ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்களிடம் சரலில் ஏபிஎஸ் நல்லதா என்று இரண்டு கட்சி உண்டு. தளர்ந்த கல்லில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுவதைத் தடுக்கிறது. நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பேரம் லாபம்தான் என்பது என் முடிவு.

இப்போது டயர். உங்கள் முன் டயரில் சுற்றிலும் நேர்க்கோடுகள் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். அதை ரிப் டயர் என்பார்கள், சேற்றில் அந்தக் கோடுகள் சீக்கிரம் நிறைந்துவிடும். அதே அளவில் கட்டம் கட்டமாக வெட்டிய டயர் கிடைத்தால் முன்னுக்கு மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். பெரிய பட்டன் டயர் வேண்டாம் என்பேன். உங்கள் பயணத்தில் பெரும்பகுதி தார் ரோடு, மழையில் அங்கே அதற்குப் பிடிப்பு குறைவு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்தால் திருப்பிக் கொடுங்கள், பழைய ரப்பர் இறுகிவிடும். காற்றைக் குறைத்தால் சரலில் பிடிப்பு கூடும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் குறைத்த காற்றோடு கல்லில் மோதினால் டியூப் கடிபடும், ரிம் நெளியும். தினமும் தார், மண் இரண்டிலும் ஓடுகிற வண்டிக்கு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றளவே போதும். பஞ்சர் கடையில் சும்மா ஏற்றிவிடும் கூடுதல் காற்றுதான் நம் வண்டிகளில் பெரும்பாலும் பிரச்சினை. காலையில் டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள். கூடவே கோன்செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பார்க்கச் சொல்லுங்கள், விழுந்த வண்டி என்பதால் ஹேண்டில் நடுவில் சிக்கிப் பிடிக்கிறதா, ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று. முன் டயரின் அளவையும் வண்டி எந்த மாடல் என்பதையும் எழுதினால், மார்த்தாண்டத்தில் கடையில் கேட்டு எது பொருந்தும் என்று சொல்கிறேன்.